சாலிஹ் யாருடைய பெண்சாதி?

உக்குவளையில் இரும்புக் கடை வைத்திருக்கும் சாலிஹை அமெரிக்க அரசாங்கம் ஒரு ஆணுக்குப் பெண்சாதியாகப் பதிந்துவிட்டது என்ற செய்தியை எனக்குச் சொன்னவர், மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே தேத்தண்ணி ஆற்றும் அழகமுத்து. சாலிஹுக்கு ஐந்து பிள்ளைகள். நெஞ்சு வரைக்கும் தாடி.

“சம்பளமும் உண்டாங்க. பொண்டாட்டியா இருக்கிறதுக்கு மாசாமாசம் டொலர் அனுப்புறானாம்.”

“யாருக்கு, சாலிஹுக்கா?”

“பின்ன எனக்கா? எனக்கு ஏதுங்க அந்தக் குடுப்பினை.”

அன்று மாலை இதே செய்தி அலுவிகாரையில் என் காதுக்குத் திரும்பி வந்தபோது சம்பளத்தோடு ஒரு மோட்டார் காரும் சேர்ந்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் சாலிஹுக்கு வளைகாப்பும் நடந்துவிடும் என்று பயந்து, மறுநாள் காலையிலேயே உக்குவளைக்குப் பஸ் ஏறினேன்.

சாலிஹ் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்கா என்று நான் தொடங்கியதுதான் தாமதம், தராசுத் தட்டு தரையில் விழுந்தது.

“மேல வீட்டுக்குப் போங்க. என் தங்கச்சி இருக்கா, அவகிட்ட கேளுங்க. எல்லாம் அவட மாப்பிள செஞ்ச வேல. யாவாரம் நடக்கிற இடத்துல நிக்காதீங்க.”

கடைக்குப் பின்னால் ஏறும் படியில் போனால் மிளகுக் கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய வீடு. சாலிஹின் தங்கை மஸீனா முற்றத்தில் சாதிக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் சிரித்துச் சிரித்து முக்காட்டை இரண்டு தடவை சரிசெய்துகொண்டார்.

“நாநாவுக்குச் சம்பளமா? அவர் போட்ட ஒப்பத்தால நான்தான் பொண்டாட்டி உத்தியோகத்தையே இழக்கப் பாத்தேன். குந்துங்க, சொல்றேன்.”

அவர் சொன்னது இது.

மஸீனாவின் கணவர் ஜமால்தீன் கொழும்பிலிருந்து கப்பலில் சமையல்காரராகப் போனவர். நியூயோர்க்கில் இறங்கி, ஒரு ஹோட்டல் குசினியில் வேலை பிடித்து, காலப்போக்கில் அந்த நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்டார். அப்போது அவர் கடைசியாக உக்குவளைக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. வருஷா வருஷம் அமெரிக்க வரிக் கந்தோருக்குக் கணக்குக் காட்டுவார். கட்டிய பெண்சாதி உண்டென்றால் சம்பளத்தில் அறுநூறு டொலருக்கு வரி கிடையாது என்பது அந்த நாட்டுச் சட்டம். குசினியில் கூட வேலை செய்த ஒருவன், “புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பத்திரமாகக் கொடு, இன்னும் லாபம்” என்று சொல்லியிருக்கிறான். ஆனால் சேர்ந்து கொடுப்பதென்றால் மனைவியின் ஒப்பமும் வேண்டும்.

ஜமால்தீன் பத்திரத்தைத் தபாலில் மச்சானுக்கு அனுப்பினார். சாலிஹ் அதை வாங்கினார், மனைவி என்று போட்டிருந்த கோட்டின் மேல் ‘சாலிஹ்’ என்று இங்கிலீஷில் அழகாக எழுதினார், திருப்பி அனுப்பினார். மூன்று வருஷம் இப்படி நடந்தது.

சாலிஹ் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. தகப்பன் மௌத்தாகிவிட்டதால் தங்கையின் நிக்காஹ்வில் அவர்தான் வலீ, அதாவது பெண்ணின் பக்கத்தில் நின்று அவளைக் கொடுக்கும் பொறுப்பாளி. மாப்பிள்ளை ஒப்பம் வைத்தார், சாலிஹ் ஒப்பம் வைத்தார், நிக்காஹ் நடத்திவைத்த லெப்பை வைத்தார், சாட்சிகள் வைத்தார்கள். மணமகள் உள் அறையில் இருந்தாள். பதிவுப் புத்தகத்தில் அவளுக்கென்று ஒரு கோடு கூடக் கிடையாது. கலியாணத்துக்கே கேட்காத ஒப்பத்தை வெறும் வரிக்காகவா கேட்பது?

நான்காம் வருஷம் வரிக் கந்தோரில் யாரோ ஒருவருக்கு வேலை குறைவாக இருந்திருக்க வேண்டும். கலியாணப் பதிவை அனுப்பு என்று எழுதினார். ஜமால்தீன் மொழிபெயர்த்து அனுப்பினார். அதிலும் ஜமால்தீனின் ஒப்பம், பக்கத்தில் சாலிஹின் ஒப்பம். வரிப் பத்திரத்திலும் அதே சாலிஹ். அந்த அதிகாரியின் கதிரையில் நானோ நீங்களோ இருந்தாலும் அழகமுத்துவின் முடிவுக்குத்தான் வந்திருப்போம்.

ஜமால்தீனுக்குக் கடிதம் வந்தது. வெளிநாட்டில் இருக்கும், அமெரிக்கப் பிரஜை அல்லாத மனைவியோடு சேர்ந்து பத்திரம் கொடுக்கவே முடியாது, தனியாகத்தான் கொடுக்க வேண்டும். அது போக, மனைவி என்று ஒரு பெண் உண்டென்றும், அவள் உயிரோடு இருக்கிறாள் என்றும், அவள் திரு. சாலிஹ் அல்ல என்றும் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று வருஷத்து வரிக் கழிவையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

திருப்பிக் கட்ட வேண்டிய தொகையும், ஊருக்கு வர ஜமால்தீன் சேர்த்து வைத்திருந்த கப்பல் காசும் ஏறத்தாழ ஒன்றே. ‘இதைக் கட்டினால் இந்த வருஷமும் வர முடியாது’ என்று எழுதி, அந்தக் கடிதத்தையும் சேர்த்து மஸீனாவுக்கு அனுப்பினார்.

மஸீனா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கடைக்கு இறங்கினார்.

“நாநா, நாளைக்கு டவுனுக்குப் போறேன். சத்தியக் கடதாசி முடிக்கணும்.”

“நீ என்னத்துக்குப் புள்ள? நான் போய் ஒப்பம் வச்சிட்டு வாரேன்.”

“நீங்க வச்ச ஒப்பம் காணும். இன்னொண்ணு வச்சா உங்களக் கப்பல்ல ஏத்தி அவர்கிட்ட அனுப்பிடுவான்.”

“பொம்பளை ஒப்பம் வைக்கிற வழக்கம் நம்ம குடும்பத்துல இருக்கா?”

“எட்டு வருஷம் புருஷன் இல்லாம இருக்கிற வழக்கமும் நம்ம குடும்பத்துல இல்ல. அதைச் செய்யலியா நான்?”

மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு தங்கைக்குப் பின்னால் சாலிஹும் பஸ்ஸில் ஏறினார்.

மாத்தளையில் நொத்தாரிசு சண்முகராஜா சமாதான நீதவானும் கூட. சத்தியக் கடதாசி முடித்துக் கொடுப்பவர். முழு விஷயத்தையும் கேட்டுவிட்டு மேசையில் முகத்தைப் புதைத்துக் கொஞ்ச நேரம் சிரிப்பில் குலுங்கினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். பெயர், ஊர், வயது. அடுத்தது வருமானம்.

“இல்ல” என்றார் சாலிஹ்.

“இருக்கு” என்றார் மஸீனா. “மிளகு, சாதிக்காய், கொஞ்சம் கொக்கோ. ரெண்டு கடைக்குக் குடுக்கிறேன்.”

சண்முகராஜா பேனையைக் கீழே வைத்தார். “அம்மா, மனைவிக்கு வருமானம் இருக்கக் கூடாதுன்னு நீங்க கொண்டாந்த கடிதத்துல ஒரு விதி இருக்கு. இதை எழுதினா, உங்க வீட்டுக்காரருக்குக் கிடைக்கிறதும் கிடைக்காமப் போகலாங்க.”

“அப்ப எழுதாதீங்க ஐயா” என்றார் சாலிஹ். “மிளகு விக்கிறதை அமெரிக்காக்காரன் வந்து பாக்கவா போறான்?”

மஸீனா பேனையைப் பார்த்தார். எட்டு வருஷமாகக் காத்திருந்த கப்பல் அந்தப் பேனையின் நுனியில் நின்றது.

“எழுதுங்க ஐயா. சத்தியம் வைக்கிற கடதாசி. மிளகு வித்துத்தான் அவர் காசு வராத மாசமெல்லாம் நாநாகிட்ட கை நீட்டாம இருந்தேன். அதை இல்லைன்னு சொன்னா நானே இல்லைன்னு சொன்ன மாதிரி. இருக்கேன்னு காட்டத்தானே இங்க வந்திருக்கேன்?”

எழுதினார்.

“சரி, நீங்க அவர் மனைவிதான்னு வேற என்ன சொல்லலாம்?”

“மாப்பிள பொண்ணுக்குக் குடுக்க வேண்டிய மஹர் நூத்தியொரு ரூபா. நிக்காஹ் அன்னைக்கு, பிறகு தாரேன்னு சொன்னவர், இன்னும் தரல்ல. பொண்டாட்டி இல்லாதவளுக்கு மஹர் கடன் இருக்குமா ஐயா?”

“இருபது வருஷம் கோர்ட்டுக்குப் போறேன், இப்படி ஒரு அத்தாட்சி கேட்டதில்ல” என்று சொல்லி அதையும் எழுதினார் சண்முகராஜா.

பிறகு மஸீனா தமிழில் தன் பெயரை ஒப்பமிட்டார். கோட்டுக்கு மேலே, தெளிவாக, அவசரமில்லாமல்.

இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள் என்று காட்ட ஒரு படமும் வைக்கச் சொன்னார் நொத்தாரிசு. அந்தப் படத்தின் பிரதியை எனக்கும் காட்டினார் மஸீனா. அவர் நேராகப் பார்த்து நிற்கிறார். ஒரு முழம் தள்ளி, துருக்கித் தொப்பியும் தாடியுமாக, நான் பெண்சாதி அல்ல என்பதை முகம் முழுவதும் எழுதிக்கொண்டு சாலிஹ் நிற்கிறார்.

பதில் வர நாலைந்து மாதம் சென்றது. மஸீனா மனைவிதான். மாத்தளை மண்ணில் விளைந்து மாத்தளையில் விற்ற மிளகு அமெரிக்க வருமானம் ஆகாது, ஆகவே அதைப் பற்றிக் கவலை இல்லை. சேர்ந்து கொடுத்த பத்திரங்களைத் தனிப் பத்திரமாக மாற்றியதில் கொஞ்சம் வித்தியாசம் வந்தது, ஜமால்தீன் அதைக் கட்டினார். கப்பல் காசு தப்பியது.

வந்தார். இரண்டு மாதம் இருந்தார். கூரைக்கு ஓடு மாற்றினார், ஊரெல்லாம் விருந்து சாப்பிட்டார், குசினிக்குள் போய் மஸீனாவிடம் ஏச்சு வாங்கினார். திரும்பிப் போகும் நாள் உக்குவளை ஸ்டேசனில் மஸீனா கையை நீட்டினார்.

“மஹர்.”

ஜமால்தீன் பொக்கெட்டைத் துழாவி நூறு ரூபா நோட்டு ஒன்றை எடுத்தார். மற்றப் பொக்கெட்டில் டிக்கெட்டும் டொலரும்தான். பக்கத்தில் நின்ற சாலிஹ் ஒரு ரூபாவை எடுத்து நீட்டினார்.

“உள்ள வைங்க நாநா” என்றார் மஸீனா. “எனக்குப் பதிலா ஒப்பம் வச்சீங்க, சரி. இப்ப அவருக்குப் பதிலா மஹரும் குடுக்கப் போறீங்களா?”

ரயில் வந்துவிட்டது.

மஸீனா சொன்ன இதையெல்லாம் அன்று பின்னேரமே மாத்தளைக்குத் திரும்பி அழகமுத்துவிடம் சொன்னேன். முகம் வாடிப்போனார். “அப்ப காரும் இல்லீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அதற்கு முன், மஸீனாவிடம் விடைபெறும்போது ஒன்று கேட்டிருந்தேன்: “மாதாமாதம் பணம் அனுப்புகிறார்தானே, அதில் பாக்கி ஒரு ரூபாவைக் கழித்துக்கொண்டால் என்ன?”

“அது செலவுக் காசு. மஹர் வேற. நூத்தியொண்ணுன்னு அமெரிக்காவுக்கே சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். நூறுக்கு எப்படி முடிக்கிறது?” சாதிக்காயை இரண்டு கையாலும் பரப்பிவிட்டார். “அடுத்த முறை சில்லறையோட வரச் சொல்லி எழுதியிருக்கேன்.”