வெள்ளம் என்றால் தண்ணீர்

விடிந்தும் விடியாத நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் அண்ணாச்சி. “டீச்சரே, கோமதி போயி” என்றார். நான் காத்திருந்தேன். தமிழில் ‘போயி’ என்று சொல்லிவிட்டு யாரும் பேச்சை நிறுத்த மாட்டார்கள். கடைக்குப் போயி, கோயிலுக்குப் போயி என்று அதற்குப் பிறகு ஏதாவது வர வேண்டும். எதுவும் வரவில்லை. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. மலையாளத்தில் ‘போய்விட்டாள்’ என்று அந்தச் சொல்லோடு வாக்கியம் முடிந்துபோகும் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளியில் கோமதி டீச்சரிடம் கணக்குப் படித்தவர்களும், ஆசிரியர் அறையில் அவரோடு சோறு பகிர்ந்து தின்றவர்களும் இதைப் படிப்பீர்கள். பலகையில் சமக்குறி கோணலாக விழுந்தால்கூட அழித்துவிட்டு மறுபடி போடுகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். நான் அங்கே தமிழ் நடத்துகிறவள். என் நாற்காலி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில். ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த ஒரு காரியம் உங்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவருடைய கணவரைத்தான் நான் அண்ணாச்சி என்கிறேன். வேலைக்குப் போன காலம் முழுக்கத் திருவனந்தபுரத்தில் ஒரு மொத்தக் கடையில் மேனேஜர். சனிக்கிழமை ரயிலில் வருவார், ஞாயிறு ராத்திரி திரும்புவார். கடையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த கொஞ்ச வருஷத்தில் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சுதான் விசித்திரமாகத் திரும்பியது. நாம் நிதானமாகச் சொன்னால் தமிழ் அவருக்குப் புரிகிறது. அவர் வாயைத் திறந்தால் மலையாளம் மட்டும்தான் வருகிறது. பிறந்ததிலிருந்து பேசிய மொழி நாக்கில் இல்லை. டாக்டர், சிலருக்கு இப்படியும் ஆகும், எந்த மொழியிலாவது பேச்சு நடக்கட்டும் என்றார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்று அண்ணாச்சி, “வெள்ளம், வெள்ளம்” என்று தவித்தார். அவர்கள் வீடு சிந்துபூந்துறையில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. சில மாதம் முன்னால்தான் தாமிரபரணி பொங்கி வந்து வீட்டுக்குள் இடுப்பளவு நின்றிருந்தது. மனுஷன் அந்த நினைப்பில் பயப்படுகிறார் என்றுதான் டீச்சர் எண்ணினார், நானும் எண்ணினேன். “வெள்ளம்லாம் வடிஞ்சிட்டு. நீங்க பயப்படாதீங்க” என்று அவர் நெஞ்சைத் தடவித் தடவிச் சொன்னார் டீச்சர். அண்ணாச்சிக்குக் கண்ணில் நீர் வழிந்தது. மருந்து கொடுக்க வந்த மலையாளத்து நர்ஸ் பெண், “அம்மா, சார் குடிக்கத் தண்ணி கேட்குது” என்றது. வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர். டம்ளரை வாங்கி அவர் குடித்த வேகத்தை நான் மறக்க மாட்டேன்.

அன்று வராந்தாவில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி எஸ்தர், தண்ணி கேட்ட மனுசனுக்கு வெள்ளம் வடிஞ்சிட்டுன்னு ஆறுதல் சொல்லியிருக்கேன் பாரு. இனிமே இப்படி ஒண்ணு நடக்காது” என்றார். குரலில் அழுகை இல்லை. தேர்வு நாளில் கேள்வித்தாளைப் பிரிக்கும்போது இருக்குமே, அந்த முகம்.

மலையாளம் படிக்கிறேன் என்றதும் சொந்தபந்தமெல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு வந்தது. பெரிய சண்டை கொழுந்தனோடுதான். “மதினி, அண்ணன் வாய்க்குத் தமிழ் வாரதுக்கு வழியப் பாருங்க. நீங்க அங்கன போயி நின்னுக்கிட்டா அது எப்படி இங்கன வரும்?” என்றார். டீச்சர் சுடச்சுடக் கேட்டார்: “வரட்டுமே, வந்தா வாசல்லயா நிக்க வச்சு அனுப்பப் போறேன்? அது வார வரைக்கும் ஒரு மனுசன் சொந்த வீட்டுல வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமோ? அவுகளால இங்கன வர முடியல. நான் போறேன் அங்கன.”

நர்ஸ் பெண்ணிடம் கொஞ்சம், டிவி சீரியலில் கொஞ்சம். அது போதாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தனை வீட்டில் காவல் வைத்துவிட்டுக் கொல்லம் ரயிலில் ஏறுவார். புனலூரில் இறங்கி ஒரு டீ குடிப்பார், அடுத்த வண்டியில் திரும்புவார். அங்கே வேலை ஒன்றும் கிடையாது. பக்கத்தில் உட்காருகிற பெண்களிடம் வாயைக் கொடுக்கத்தான் அந்த டிக்கெட். ஒரு தடவை நானும் போனேன். அவர் பேசிய பேச்சில் ஆணும் பெண்ணும், நேற்றும் நாளையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. எனக்கு மானம் போயிற்று. “இப்படித் தப்புத் தப்பாப் பேசுதீங்களே டீச்சர், வெக்கமா இல்லையா?” என்றேன். “கணக்குல தப்புன்னாத்தான் சுழிப்பேன். இது பேச்சுட்டி. பதில் வருதா இல்லையா, அதச் சொல்லு” என்றார். பதில் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு அம்மாள் பலாச்சுளையே கொடுத்தாள்.

அந்த ஆரம்ப நாட்களில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் தோசைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அண்ணாச்சி, “சம்மந்தி, சம்மந்தி” என்றிருக்கிறார். டீச்சர் உடனே அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டு, மருமகளைப் பெற்றவர்களிடம், “உங்களப் பாக்கணுமுன்னு தேடுதாக” என்று சொல்லிவிட்டார். பாவம், அவர்கள் என்னவோ ஏதோவென்று பழமும் பூவுமாக பஸ் ஏறி ஓடி வந்தார்கள். வந்தவர்களைப் பார்த்து அண்ணாச்சி திருதிருவென்று விழித்தார், தோசை காய்ந்துகொண்டிருந்தது. நர்ஸ் பெண்ணிடம் போனில் கேட்டால், சம்மந்தி என்றால் அவர்கள் ஊரில் துவையலாம். “அடப் பாவிகளா, அப்போ நம்மள அரைச்சு வைக்கணும்னுல்லா கேட்டிருக்காக!” என்றார் சம்பந்தி. அண்ணாச்சி சிரித்தார். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் சிரித்துக்கொண்டே தேங்காய் உடைக்க ஓடினார்.

ஒரு வருஷத்துக்குள் அந்த வீட்டில் பேச்சு ஓயாமல் நடந்தது. தமிழில் அண்ணாச்சி எண்ணி எண்ணிப் பேசுகிறவர். மலையாளத்தில் அவர் வாயாடி! கடைப் பையன்கள் செய்த சேட்டை, மழைக்காலத்தில் ஒழுகிய அறை, தனியாகச் சமைத்துத் தின்ற கஞ்சி எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தார். “சனிக்கிழமை வார புருசனத்தான் இவ்வளவு காலமும் எனக்குத் தெரியும் எஸ்தர். இப்பத்தான் திங்கக்கிழமை புருசனோட பேசுதேன்” என்றார் டீச்சர். இன்னொன்றும் சொன்னார்: “முன்னால என்னைய ‘இங்கேரு’ன்னுதான் கூப்பிடுவாக. இப்ப ‘எடோ’ங்காக. சேக்காளியக் கூப்பிடுத மாதிரி இருக்குட்டி.” சொல்லும்போது அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது நெஞ்சுவலி வந்து, டீச்சர் ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார். காரியங்கள் முடிந்த அன்று மாலை கூடத்தில் எல்லோரும் இருந்தோம். புனேயிலிருந்து வந்திருந்த மகன் அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, “அப்பா, என்கூட வந்திருங்க. இங்கன உங்களோட பேச இனிமே யாரு இருக்கா?” என்றான். நல்ல பிள்ளை, அழுதுகொண்டேதான் கேட்டான். அண்ணாச்சி, “ஞான் வரில்ல” என்றார். வர மாட்டேன் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பிறகு கையைத் தூக்கிச் சுவரோரம் இருந்த என்னைக் காட்டி, “இவிடெ ஆளுண்டு” என்றார். இங்கே ஆள் இருக்கிறது என்கிறார். கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து காதில் விழுந்ததுதான் என் மலையாளம். அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனுடைய நாளை எப்படி நிரப்புவது? ஆனாலும், “உண்டு அண்ணாச்சி” என்றேன். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பள்ளி விட்டதும் தினமும் சிந்துபூந்துறைக்குப் போகிறேன். என் பேச்சைக் கேட்டு அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்கிறார், திருத்துகிறார், சில நாள் பேச்சின் நடுவே டீச்சர் பேர் வந்துவிட்டால் நான் எழுந்துபோய் டீ போட்டு வருகிறேன். கோமதி டீச்சரிடமிருந்து எனக்கு மிச்சம் அவருடைய அந்தப் பிடிவாதம்தான். அதை நான் கீழே வைக்கப் போவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லம் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.