புஷ்பவல்லி நிரப்பாத வட்டங்கள்

அக்கா புஷ்பவல்லிக்கு நாய்களோடு பேச இங்கிலீஷ் தேவைப்பட்டதில்லை. "கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பாள். அவள் பயிற்சிக்குப் போகும் பிளசன்டன் பிராணிகள் ஆஸ்பத்திரியில் கன்றுக்குட்டி உயரம் இருக்கும் நாய்கூட அவளிடம் காலை நீட்டிவிடும்.

1999இல் தென் அமெரிக்காவைச் சுற்றிவிட்டு ஃப்ரீமான்ட்டில் அவள் வீட்டில் வந்து இறங்கினேன். விசா காரணமாக வருஷக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் இருந்தவள், கிரீன் கார்டு வந்ததும், மிருக டாக்டருக்கு உதவும் வெட் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்து, முடிக்கும் நிலையில் இருந்தாள். டாக்டர் பக்கத்தில் நின்று மயக்க மருந்தைக் கவனிக்க லைசென்ஸ் வேண்டும். இந்த முறையே பரீட்சை தேறினால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அவள் கணவர் மயில்சாமி மாமாவுக்கு அவள் படித்த கல்லூரியிலேயே புள்ளிவிவர வேலை. வகுப்பு மார்க்கையும் மாதிரித் தேர்வு மார்க்கையும் வைத்து, லைசென்ஸ் பரீட்சையில் யார் தேறுவார்கள் என்று முன்கூட்டியே 'மாடல்' என்ற கணக்கைப் போட்டுச் சொல்வார். தேறமாட்டார்கள் என்று வந்தவர்களைக் கல்லூரி அடுத்த தடவை எழுதச் சொல்லும்.

ஒரு சனிக்கிழமை, யாரும் சொல்லாமலே மாமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சுங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா குக்கரைத் தேய்க்கிறீங்க?"

மாமாவுக்குப் பொய் வராது. "மாடல்ல நீ ஃபெயில்னு வருது புஷ்பா. மாதிரித் தேர்வுல மார்க் ரொம்பக் கம்மி."

"உங்க மாடலுக்கு என்னைத் தெரியுமா?"

"அதுக்கு யாரையும் தெரியாது. அதுதான் நியாயம்."

அக்கா விடைத்தாளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். எழுதியதெல்லாம் சரிதான். ஆனால் நடுநடுவே வட்டங்கள் காலியாகக் கிடந்தன.

"இதெல்லாம் ஏன் விட்டே?"

"சந்தேகமா இருந்துச்சு. தப்பாப் போட்டா மார்க்கை வெட்டிருவாங்கல்ல?"

"யாரு வெட்டுவா?"

"பேங்க் எக்ஸாம்ல வெட்டுனாங்களே."

மாமா ஈரக் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "தாயே, அது கோயம்புத்தூர்ல. இங்க யாரும் வெட்டறதில்ல. தெரியலைன்னா எதையாவது போடு."

"நாளைக்கு ஒரு பூனைக்கு மருந்து அளவு தெரியலைன்னா, அப்பவும் எதையாவது போடறதா?"

"பூனைன்னா டாக்டரைக் கேக்கலாம். பரீட்சையில யாரைக் கேப்ப? நாலுல ரெண்டு தப்புன்னு உனக்கே தெரியுது. மிச்சத்துல ஒண்ணைத் தொடு."

கல்லூரி காத்திருக்கச் சொன்னது. அக்கா கேட்கவில்லை, பரீட்சைப் பணத்தைக் கட்டிவிட்டாள். லிவர்மோர் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் நான் காரில் கேள்வி கேட்பேன். சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொள்வாள்.

"சும்மா ஒண்ணைச் சொல்லுக்கா."

"சாமி சத்தியமா தெரியாதுடி."

"தெரியாததைத்தான் சொல்லச் சொல்றேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, திருடப்போகிறவள் மாதிரி மெதுவாக, "சி" என்பாள். பாதி நேரம் அது சரியாக இருக்கும்.

அக்கா தேறினாள். மௌரி அவென்யூ கடையில் வாங்கிய ஜாங்கிரியைக் கடித்துக்கொண்டே மாமா சொன்னார்: "உன்னை டேட்டாவுல இருந்து தூக்கிடலாம்னு பாக்கறேன். மாடலையே கெடுக்கிற."

"தூக்கிப் பாருங்க. மத்தவங்க மாதிரி நானும் எழுதித்தானே பாஸ் பண்ணேன்?"

மாமா அவளைத் தூக்கவில்லை. அடுத்த வருஷ மாதிரித் தேர்வின் முதல் பக்கத்தில் ஒரு வரியைச் சேர்க்க வைத்தார்: தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது.