சியான் மதில்மேல் இரண்டு சைக்கிள்கள்

சியான் நகரத்துக்குப் போனது நானும் காஜா பாயும். செல்வராசு வரவில்லை. மூவரும் சேர்ந்து போட்ட திட்டம்தான். சார்ஜாவில் கம்பெனி கேம்ப்பில் என் கட்டிலுக்கு மேல்கட்டில் செல்வராசுவுடையது. கம்பெனி வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டை லீவுக்குக் கேட்டுப் போனவனை ஃபோர்மேன் அடிவயிற்றில் உதைத்தான். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. செல்வராசு மடங்கி விழுந்து, காலையில் தின்ற குப்பூஸ் ரொட்டியை ஆபீஸ் தரையில் வாந்தி எடுத்தான். கட்டட டிராயிங் சுருளைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன். என் பாஸ்போர்ட் முந்தின நாள்தான் கைக்கு வந்திருந்தது.

காஜா பாய் கீழக்கரைக்காரர், துபாயில் கடை வைத்திருக்கிறார். சரக்கெடுக்கச் சீனா போகிறவர், "பையத் தோள்ல போடுங்க தம்பி, ஊரு பாத்துட்டு வருவோம்" என்று என்னையும் கூட்டிப்போனார். எனக்கு அங்கே ஒரே ஒரு கோபுரம் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் வந்துபோன சீனத் துறவி கொண்டுசென்ற ஏடுகளுக்காகக் கட்டியது. பள்ளிப் பாடத்தை நான் உரக்கப் படிக்கையில், கையெழுத்துப் போடத் தெரியாத அப்பா, "நம்ம ஊருக்கா நடந்து வந்தான் அந்தாளு?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கோபுரத்தின் முன் நின்று போட்டோ எடுத்து அனுப்புவதாக அவருக்குச் சொல்லியிருந்தேன்.

முதல் நாள், பழைய சீன அரசன் கல்லறைக்குக் காவலாகச் செய்துவைத்த மண் படையைப் பார்த்தோம். நிற்கிற வீரர்களைவிட, தலை போய், மார்பு பிளந்து கிடந்தவர்கள்தான் என் கண்ணில் நின்றார்கள். கலகக்காரர்கள் புகுந்து நொறுக்கினார்களாம். அரசன் செத்த பிறகுதான் கை ஓங்கியிருக்கிறது. அதுவும் அவன்மேல் இல்லை, மண்மேல்.

மறுநாள் காலை நகர மதிலில் ஏறினோம். மத்தியானம் கோபுரம், சாயங்காலம் ரயில் என்று ஏற்பாடு. மதில்மேல் ஒரு கொட்டகை வாசலில், நீல யூனிஃபார்ம் போட்ட ஒருவர் ஏதோ கேட்டுக் கை நீட்டினார். கல்ஃபில் யூனிஃபார்ம் கை நீட்டினால் என்ன கொடுக்க வேண்டுமென்று என் கைக்குத் தெரியும். இரண்டு பாஸ்போர்ட்டையும் கொடுத்தேன். சிரித்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

போட்டோ எடுக்கப் போயிருந்த காஜா பாய் திரும்பி வந்தார். "பாஸ்போர்ட்டு எங்க?"

"அவரு வாங்கிட்டுப் போனாரு பாய். யூனிஃபார்ம்..."

"இது சார்ஜா இல்ல தம்பி. பிச்சைக்காரனத் தவிர இங்க எல்லாவனும் யூனிஃபார்ம்தான் போட்டிருக்கான்."

அந்த மனிதர் வெறுங்கையோடு வெளியே வந்ததும் காஜா பாய் அவர் காலரைப் பிடித்தார். அவர் பாயின் கையை முறுக்கித் தள்ளினார். காஜா பாய் செங்கல் தளத்தில் விழ, மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வாசலில் கிடந்த காற்றடிக்கும் பம்பை எடுத்து அந்த யூனிஃபார்ம்காரர் வாயில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். ஆட்கள் ஓடிவந்து என் முழங்காலைத் தடியால் பிளக்கும்வரை அடித்தேன்.

தரையில் கிடந்தவர் ரத்தம் ஒழுகக் கொட்டகைக்குள் கைகாட்டினார். மேஜைமேல் இரண்டு பாஸ்போர்ட். பக்கத்தில் புதிதாகக் காற்றடித்த இரண்டு சைக்கிள்கள். மதிலைச் சுற்றிவர வாடகைக்கு விடுகிறவர். நான் கொடுத்ததை அடமானம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

போலீஸ் நிலையத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒரு மாணவி, ஏன் கொடுத்தாய் என்று கேட்டாள். எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். எந்த ஊர், இந்தியாவா என்றாள். அடிபட்டவருக்கு நஷ்டஈடு பேசிக் கட்டி முடிக்க, ரயில் நேரம்வரை அங்கேயே இருந்தோம். அப்பாவுக்கு எடுக்க வேண்டிய போட்டோ எடுக்கவில்லை.

சார்ஜா விமான நிலையத்தில் கம்பெனி டிரைவர் என் பையை வாங்கக் கை நீட்டினார். நான் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன்.

மேல்கட்டிலில் வயிற்றைப் பிடித்தபடி படுத்திருந்த செல்வராசு எல்லாவற்றையும் கேட்டான். "இங்க வராத வீரம் அங்க வந்துச்சாக்கும். எவ்வளவுடா ஆச்சு?"

அவருக்குப் பல் இரண்டு, எங்களுக்கு நாலாயிரம் யுவான்.