கெஸ் வாத்தியாரும் ராசிங்காபுரத்து வட்டங்களும்

1. பிள்ளை யார்?

மாடிப்படி ஏறி வந்தவர் கையில் ஒரு துணிப்பையும் தூக்குவாளியும் இருந்தன. நாற்பது வயது இருக்கும். பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, நோட்டைப் பிரித்தபடியே, "பிள்ளை எந்தக் கிளாஸ்ங்க?" என்று கேட்டேன்.

"நான்தான் சார் பிள்ளை," என்றார்.

போடியில் ஏலக்காய்க் கடைக்கு மேல்மாடியில் நான் கணக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கீழே மூட்டையைப் பிரித்தால் மேலே தேற்றம் மணக்கும். அப்படியொரு பதிலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

பெயர் செல்வி. ராசிங்காபுரம் அங்கன்வாடியில் உதவியாளர். ஊர் வழக்கில் ஆயம்மா. சின்ன வயதில் அம்மாவோடு ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போன பெண். சீசன் நேரத்தில் பள்ளிக்கூடம் போகாததால், பத்தாவதில் மற்ற பாடமெல்லாம் தேறியும் கணக்கு மட்டும் நின்றுவிட்டது.

"எங்க டீச்சரம்மா ஆகஸ்டு கடைசியில ரிட்டயர் ஆகுறாக சார். நான் பத்தாவது பாஸ் பண்ணிட்டா அந்த எடத்துக்கு என்னையப் போட்ருவாகளாம், சூப்பர்வைசர் மேடம் சொன்னாக. இல்லாட்டி வெளியூர்ல இருந்து ஆள் வந்துரும். பதினாலு வருசமா பிள்ளைகளுக்குப் பாட்டும் படமும் நான்தான் சொல்லிக் குடுக்குறேன். ரிஜிஸ்டர்ல மட்டும் ஆயா."

"கவலையை விடுங்க அக்கா. முப்பத்தஞ்சு மார்க்குதானே? என் லிஸ்ட்டு ஒண்ணு போதும்," என்றேன்.

அந்த லிஸ்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2. நான் கெஸ் வாத்தியார் ஆன கதை

எங்கள் ஊரில் கெஸ் பண்ணாத ஆள் கிடையாது. நாளைக்கு ஏலக்காய் என்ன விலைக்குப் போகும், மலையில் மழை நிற்குமா நிற்காதா, இந்த எடுப்பில் எத்தனை மூட்டை தேறும் என்று டீக்கடைக்கு டீக்கடை ஊகம் ஓடும். அந்த ஊரில் ஒரு கணக்கு வாத்தியார், பரீட்சைக்கு எந்தக் கேள்வி வரும் என்று ஊகித்தால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடத்தானே செய்வார்கள்!

தொழிலுக்கு வந்த நாலாவது வருடம், முக்கிய வினாக்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஏழு ஐந்து மார்க் கேள்விகள் அச்சு அசலாக வந்துவிட்டன. மறுவருடமே நான் கெஸ் வாத்தியார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெருமாள் அண்ணன், என் லிஸ்ட்டை முதல் ஆளாக வாங்கி வைத்துக்கொள்வார். தேவாரம், சின்னமனூர் வரைக்கும் பிரதி போகும்.

அதற்குப் பிறகு சில வருடம் பலித்தது, சில வருடம் பலிக்கவில்லை. பலித்த வருடம் என்னைப் புகழ்ந்தார்கள். பலிக்காத வருடம் கேள்வித்தாள் எடுத்தவனைத் திட்டினார்கள். இப்படி ஒரு தொழில் யாருக்கு அமையும்? எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

3. முப்பத்தொன்று

செல்வி அக்கா நாலு மணிக்கு அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு, டவுன் பஸ் பிடித்து, ஐந்து மணி பேட்ச்சில் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். பதினைந்து வயதுப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் தூக்குவாளியில் கொண்டுவரும் சுண்டலுக்காகக் கடைசி பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள்.

கணக்கில் தடுமாறுகிறவர்களைக் கரையேற்ற எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒரு மார்க் கேள்விகள் பதினாலு. வரைபடம் எட்டு மார்க். காம்பஸ் வைத்து வரையும் வடிவியல் எட்டு மார்க். இந்த முப்பதையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு மார்க் கேள்விகளில் ஒரு நாலைந்து போட்டால் பாஸ். அக்காவுக்கும் அதே வழிதான். வடிவியலில் இரண்டு கேள்வி கொடுத்து ஒன்றை வரையச் சொல்வார்கள். நான் என் வழக்கப்படி, "வடிவொத்த முக்கோணம், வெளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு, இந்த ரெண்டையும் மட்டும் பாருங்க. மத்தது வராது," என்று மற்றதையெல்லாம் வெட்டிவிட்டேன்.

ஏப்ரலில் வந்த இரண்டுமே நான் வெட்டியவை.

மே மாதம் ரிசல்ட்டு வந்தது. அக்கா முப்பத்தொன்று. நாலு மார்க் குறைவு. எட்டு மார்க் வடிவியல் மொத்தமாகப் போயிருந்தது. என் மேல் கோபப்படுவார் என்று பார்த்தால், "என் ராசி சார்," என்றார். எனக்கு அது திட்டு வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, ஜூலையில துணைத்தேர்வு இருக்கு. ஆகஸ்டுக்குள்ள ரிசல்ட்டு வந்துரும். இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல," என்றேன்.

"எழுதுவேன் சார். எழுதாம எங்க போறேன்?"

4. தரையில் வட்டங்கள்

இந்த இடத்தில் புத்தியுள்ள வாத்தியார் என்ன செய்திருப்பார்? வடிவியல் முழுவதையும் சொல்லிக் கொடுத்திருப்பார். நான் இன்னொரு லிஸ்ட் எழுதினேன்.

பெருமாள் அண்ணன் விடவில்லை. "வாத்தியாரே, துணைத்தேர்வுக்காரப் பயலுக கடையில வந்து நிக்கிறாங்க. வெரசாக் குடுங்க," என்று தினமும் போன். எனக்கும் விட்ட பெயரைப் பிடிக்கிற வெறி. ஏப்ரலில் வந்தது ஜூலையில் திரும்ப வராது என்று கணக்குப் போட்டு, அந்த இரண்டையும் வெட்டி, மறுபடி வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் போட்டேன்.

ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து, லிஸ்ட்டையும் சேர்த்து, நானே வண்டியில் ராசிங்காபுரம் போனேன். பழைய லிஸ்ட்டுக்குப் பரிகாரம் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் தரை முழுக்கச் சாக்பீஸ் வட்டங்கள். பெரிது, சிறிது, குறுக்கே கோடு போட்டது என்று ஏழெட்டு. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பிள்ளை தட்டோடு உட்கார்ந்திருந்தது. ஒரு பொடிசு கோட்டின் மேல் சோற்றைச் சிந்திவிட்டு, அதையும் விடாமல் பொறுக்கித் தின்றது.

"நல்ல ஏற்பாடு அக்கா. வட்டம் போட்டு உக்கார வச்சா ஒண்ணையொண்ணு அடிச்சுக்காதுக," என்றேன்.

அக்கா சிரித்தார். மூலையில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த டீச்சரம்மாவும் சிரித்தார். லிஸ்ட்டைக் கொடுத்தேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தேன்.

5. பரீட்சை அன்று

மதியம் கேள்வித்தாள் கைக்கு வந்தது. நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினேன். அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் குத்துக்கோடும் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்லியிருந்தார்கள். ஏப்ரலில் வந்த அதே வகை. அல்லது, நடுக்கோடு கொடுத்து முக்கோணம். இரண்டும் என் லிஸ்ட்டில் இல்லை.

ஒரே மனுஷியை ஒரே இடத்தில் இரண்டு தடவை தள்ளிவிட்டேன். அந்தப் பதவி அவருக்குப் பதினாலு வருடக் கனவு. எனக்கு அந்த லிஸ்ட்டு ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிற பெயர், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பேட்ச்சுக்கு லீவு விட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன். அக்காவுக்குப் போன் போடத் தைரியம் வரவில்லை. அவரும் போடவில்லை. ரிசல்ட்டு வருகிற வரைக்கும் ராசிங்காபுரம் பஸ் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ரிசல்ட்டு அன்று மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அதே துணிப்பை. ஆனால் தூக்குவாளிக்குப் பதில் லட்டு டப்பா.

"நாப்பத்திமூணு சார்!"

"வடிவியல்?" என்று மட்டும் கேட்டேன்.

"முழுசாப் போட்டேன் சார். குத்துக்கோட்டு முக்கோணம். கண்ண மூடிக்கிட்டே போடுவேன்."

"அது லிஸ்ட்டுலயே இல்லையே அக்கா?"

அக்கா பைக்குள் கைவிட்டு என் லிஸ்ட்டை எடுத்தார். முன்பக்கம் என் கையெழுத்து. பின்பக்கத்தைத் திருப்பினார். மேலே 'விட்டது' என்று போட்டு, நான் எழுதாத ஒவ்வொன்றையும் புத்தகத்தைப் பார்த்து வரிசையாக எழுதியிருந்தார்.

"லிஸ்ட்டுல இருக்கறத நீங்க சொல்லிக் குடுத்துட்டீக சார். இல்லாதத யாரு சொல்லித் தருவா? அதான் மொதல்ல அத எடுத்துக்கிட்டேன். பழைய லிஸ்ட்டுல விட்டத மே மாசமே வரைய ஆரம்பிச்சாச்சு. டீச்சரம்மா புத்தகத்தப் பாத்து ஒவ்வொரு படியா வாசிப்பாக. அந்த முக்கோணத்துக்கு மொதல்ல வட்டம் வேணும்ல, நான் சாக்பீஸுல நூலக் கட்டித் தரையில போடுவேன். நடுவுல நூலு நகந்துராம டீச்சரம்மா கால் பெருவிரலால அமுக்கிக்கிருவாக."

தரையில் பார்த்த வட்டங்களும், குறுக்கே ஓடிய கோடுகளும் அப்போதுதான் எனக்கு விளங்கின. இருபது வருடத்துக்கு மேல் அந்தப் படத்தைப் போர்டில் போட்ட வாத்தியார், தரையில் பார்த்து அடையாளம் தெரியாமல் பாராட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"ஏங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்ருந்தா நானே சொல்லிக் குடுத்துருப்பேன்ல?"

"அன்னைக்கு லிஸ்ட்டக் குடுத்தப்ப ஒங்க மொகம் அம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சு சார். கெடுக்க மனசு வரல."

நான் லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்துக்கு அது ரொம்ப உதவியாக இருந்தது.

6. இப்போது

அந்தத் தாளை அக்காவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கெஸ் கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வேறு யாராவது கொடுப்பார்கள். ஆனால் என் லிஸ்ட்டு இப்போது ஒருபக்கம்தான். பின்பக்கத்தில் 'விட்டது' என்று தலைப்புப் போட்டு, மிச்சத்தைப் புத்தகம் பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் தானே எழுதிக் கொண்டுவர வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். "ரெண்டு பக்கமும் சேர்ந்தா முழுப் புத்தகமும் வந்துருது, இதுக்குப் பேரு கெஸ்ஸா வாத்தியாரே?" என்று பெருமாள் அண்ணன் முதல் வருடம் முழுக்கக் குறைபட்டுக்கொண்டார். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பதும் அவ்வளவுதான். நாம் சொல்லிக் கொடுத்ததைவிட, விட்டுவிட்டதை ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

அந்த வருடம் செப்டம்பரில் ஒருநாள் ராசிங்காபுரம் போனேன். அக்கா ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். டீச்சரம்மா பெயர் இருந்த பணியாளர் என்ற இடத்தில் செல்வி என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் இன்னும் "ஆயம்மா, ஆயம்மா" என்றுதான் முந்தானையைப் பிடித்து இழுத்தன.

"கூப்பிட்டுட்டுப் போகட்டும் சார். ரிஜிஸ்டர்ல சரியா இருக்குல்ல," என்றார்.

தரையில் புதிதாகச் சாக்பீஸ் வட்டங்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தேன். மையம் எங்கே, கோணம் எங்கே என்று தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"இது எந்தக் கணக்கு அக்கா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இது நெசமாவே பிள்ளைக உக்காரத்தான் சார்."