எயார் பில்ட்டரும் ஞானத்தின் சட்டையும்

எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடிப் பிள்ளை ஒருத்தி, வங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் கார் நிறுத்தும் இடத்தில் தன் ட்ரெயில் பைக்கைக் கழற்றிப் போட்டுவிடுவாள். போன கிழமை எயார் பில்ட்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையில் நீல உறை, வாளியில் சவர்க்காரத் தண்ணீர். என் வாய் சும்மா இருக்குமா. "நாங்கள் அப்ப பெற்றோல்லதான் கழுவுறனாங்கள்" என்றேன். "ஐயோ அங்கிள், பெற்றோல் பட்டா பில்ட்டர் ஸ்பொஞ்ச் உக்கிப்போகும்" என்றாள். ஓம் பிள்ளை என்று சொல்லி லிஃப்டில் ஏறிவிட்டேன். பெற்றோலால் வேறு என்ன நடக்கும் என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

யுத்த காலத்தில் எனக்கும் ஒரு ட்ரெயில் பைக் இருந்தது. கோட்டையில் கப்பல் கம்பனியொன்றில் கிளாக் வேலை. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், மாடியில் ஒரு அறை. இதற்கு மலையேறும் பைக் எதற்கு என்று கேட்காதீர்கள். இருபத்தைந்து வயதில் அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பைக்கும் ஓப்பின் பேப்பரில் வாங்கியது. அதாவது பெயர் மாற்றாமல். பதிவுப் புத்தகத்தில் நுகேகொடையில் இருந்த யாரோ ஒருவரின் பெயர். எல்லாரும் அப்படித்தான் வாங்கினோம். ஏறுவதற்கு மேடு ஒன்றும் இல்லாததால் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரை மணலில் ஓட்டுவேன். மணல் பில்ட்டருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பைக் இருமத் தொடங்கினால் ஞானத்துக்குச் சொல்லி அனுப்புவேன்.

ஞானம் கொச்சிக்கடைக்காரன், என் வயது. துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் திருத்துகிறவன். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் அதே வெள்ளைச் சட்டையோடு பஸ் பிடித்து வந்து, சட்டையைக் கழற்றி என் அறை ஆணியில் கொழுவுவான். ஒயில் பட்டால் தங்கச்சி லில்லி தோலை உரித்துவிடுவாளாம். அந்த நாட்களில் சட்டைப் பை என்றால் எங்களுக்கு அடையாள அட்டை இருக்கும் இடம். பாண் வாங்கப் போனாலும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவோம். ஞானம் மட்டும் அதை மேலே விட்டுவிட்டு, பனியனோடு கேற்றுக்கு வெளியே ஒழுங்கையில் தகரப் பேசினும் பெற்றோலுமாகக் குந்திவிடுவான். எனக்கும் அது உறைக்கவில்லை.

"முறுக்காத மச்சான், அமத்து. முறுக்கினாக் கிழிஞ்சிடும்" என்பான். நான் எப்படியும் முறுக்குவேன். ஆகவே ஸ்பொஞ்சை என்னிடம் தருவதில்லை.

அன்றைக்கும் அவன்தான் கழுவினான். அழுக்குப் பெற்றோல் கறுத்துப்போய் இருந்தது. மெயின் றோட்டான காலி வீதிப் பக்கம் பெரிதாக ஒன்று வெடித்தது. ஒழுங்கையில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. "நான் இதுகளை உள்ள எடுக்கிறன், நீ ஓடிப்போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு வா" என்றான்.

நான் சட்டையோடு கீழ்க்கதவுக்கு வந்தபோது ஒழுங்கை முனைக் காவலரணில் இருந்த நாலு சீருடைக்காரர்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் அவன் கையைப் பிடித்து மணந்து பார்த்தான். ஞானம் நல்ல சிங்களத்தில் பில்ட்டர் கழுவுவதை விளங்கப்படுத்தினான். அட்டை கேட்டார்கள். மேலே சட்டையில் இருக்கிறது என்றான். துவக்குப் பிடியால் வாயில் அடித்தார்கள். பல்லொன்று பேசினுக்குள் விழுந்தது. அவன் சரிந்ததும் ஒருவன் வலது கையைச் சப்பாத்தால் நசித்துப் பிடித்தான்; எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொருவன் பேசினைத் தூக்கிப் பெற்றோலை அவன் தலையில் ஊற்றிவிட்டு, நெருப்புப் பெட்டியை எடுத்தான்.

அவர்களில் மூத்தவன் கையால் தடுத்தான். பிறகு கதவடியில் நின்ற என்னிடம், "பைக் எக்க காகெத?" என்றான். பைக் யாருடையது.

"தன்னே நே, மாத்தயா." தெரியாது, ஐயா.

ஞானம் நிலத்தில் கிடந்தபடி என்னைப் பார்த்தான். பிறகு இரத்தமும் வாயுமாக, "மகே" என்றான். என்னுடையது.

அவன் சட்டையும் அதற்குள் அட்டையும் என் இடது கையில் இருந்தன. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் என் அட்டையை எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டுத் தந்தார்கள். அவனையும் பைக்கையும் ரக் வண்டியில் ஏற்றினார்கள். அட்டையும் இல்லை, பைக்கும் வேறொருவர் பெயரில். கழுவின ஸ்பொஞ்ச் மட்டும் ஒழுங்கையில் கிடந்தது. நான் பயந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அட்டையை லில்லியிடம் கொண்டுபோனேன். "இது எப்பிடி அண்ணா உங்களிட்ட?" என்று கேட்டாள். "அறையில விட்டிட்டுப் போயிட்டான். அவங்கள் பிடிக்கேக்க நான் வீட்டில இல்லை" என்றேன். அவள் பங்குச் சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தாள். இரண்டு மாதத்தில் விட்டார்கள். வலது கை விரல்கள் மூன்று பிறகு மடங்கவேயில்லை. பாரந்தூக்கி வேலை போய்விட்டது.

ஒரேயொரு தரம் என் அறைக்கு வந்தான். தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் பிடித்தபடி சொன்னான்:

"பைக் உன்ர எண்டு சொல்லியிருந்தா உன்னையும் ஏத்தியிருப்பாங்கள். அது பரவாயில்லை. சட்டையைத் தந்திருக்கலாம் மச்சான்."



அந்தக் காவலரண் இருந்த இடத்தில் இப்போது பழச்சாறு விற்கிறார்கள். என் அறை இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். ஒழுங்கையில் பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. ஞானம் வத்தளையில் தங்கச்சி வீட்டில் இருந்து, போன வருடம் செத்துப்போனான். லில்லி இன்றைக்கும் என்னை அண்ணா என்கிறாள். டிசம்பரில் நத்தாருக்கு நத்தார் தவறாமல் கேக் கொடுத்தனுப்புகிறாள். அவன் கடைசிவரை அவளுக்குச் சொல்லவில்லை என்பது அதில்தான் எனக்குத் தெரியும். இனிச் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். ஒவ்வொரு வருடமும் கேக்கை வாங்கி வைத்துக்கொள்கிறேன்.