ஹெட்லைட்டுக்குப் பொட்டு வச்ச கதை

லாரியை நிறுத்தி, "அண்ணே, உங்க லைட்டு கண்ணைக் குத்துது"ன்னு சொல்ற வேலை இருக்கே, அதுக்குக் கண்ணு நல்லா இருந்தாப் போதாதுங்க, ஓடறதுக்குக் காலும் நல்லா இருக்கணும். எதிர்ல வர்றவன் பளீர்னு அடிச்சு, ரெண்டு செகண்டு ரோடே காணாமப் போயி, குத்துமதிப்பா ஹேண்டில் பாரைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாமலையாரைக் கூப்பிட்டிருக்கீங்களா? அப்ப நீங்க நம்ம கூட்டம். உக்காருங்க, பேசலாம்.

இதுல எப்படி மாட்டுனேன்

எனக்குத் தொழில் மிமிக்ரி. திருவிழா, கல்யாண ரிசப்ஷன், ஆண்டு விழான்னு எங்க கூப்பிட்டாலும் போவேன். என் வீட்டுக்காரி விஜயா கீழ்பென்னாத்தூர்ல நர்ஸு. டெய்லி மொபெட்லதான் போய் வருவா. சாயங்காலம் ட்யூட்டி முடிச்சு செஞ்சி ரோட்டைப் பிடிச்சான்னா ஏழேகாலுக்கு வீடு. தொண்ணூறுகளோட கடைசி அது. அவனவன் ஹாலஜன் பல்பு மாட்டிக்கிட்டு சூரியனை முன்னாடி கட்டுன மாதிரி வர ஆரம்பிச்ச நேரம். ஒருநாள் முட்டி வரைக்கும் சேறோட வந்து நின்னா. எதிர்ல வந்த வேன் லைட்டுல ஒண்ணுமே தெரியாம, வண்டியோட நெல்லு வயல்ல இறங்கிட்டாளாம்.

அன்னையிலேர்ந்து சாயங்காலம் ஆறரை ஆனா எனக்கு வீட்டுக்குள்ள இருப்புக் கொள்ளாது. செல்போன் எல்லாம் நம்மகிட்ட ஏது? வாசல்ல நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன். தூரத்துல பத்து மொபெட் வந்தாலும் அதுல அவ வண்டி எதுன்னு எனக்குத் தெரியும். ஆக்ஸிலேட்டரை முறுக்குற மூணாவது இழுப்புல இன்ஜின் ஒரு இருமல் இருமும். சேறோட வந்த அன்னைக்கே "வேலையை விட்டுடு விஜயா"ன்னேன். சேலையிலிருந்த சேத்தைத் தட்டிக்கிட்டே சொன்னா: "வயல்ல இறங்குனப்பகூட பயம் வரலீங்க. இங்க வந்து உங்க மூஞ்சியைப் பார்த்தேன் பாருங்க, அப்பதான் பயந்துட்டேன்."

சந்தனம் வைக்கிற இடம்

வேலையை விட மாட்டேன்னுட்டா. சரி, லைட்டுங்களையாவது அடக்குவோம்னு எங்க தெருவுல நாங்க நாலு பேரு கிளம்புனோம். கருப்பு ஸ்டிக்கரை வெட்டி, ஹெட்லைட்டோட மேல் பாதியில ஒட்டணும். வெளிச்சம் எதிராளி மூஞ்சிக்குப் போகாம ரோட்டுல விழும். அவ்ளோதான் விஷயம். நாலு பேருல மூணு பேரு ரெண்டாவது நாளே கழண்டுக்கிட்டாங்க. அவங்க பொண்டாட்டிங்க யாரும் செஞ்சி ரோட்டுல வர்றவங்க இல்ல.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு நெல்லு லாரி நின்னுக்கிட்டிருந்தது. வாழைக்கன்னு, மாலை, ரெண்டு ஹெட்லைட்டோட மேல் பாதியிலயும் அப்பளம் சைஸுக்கு சந்தனம், நடுவுல குங்குமம். நான் கருப்பை எடுத்தேன். டிரைவரு இறங்குனாரு. கையில வீல் ஸ்பேனர். "பூஜை போட்ட எடத்துல கருப்பு ஒட்டுவியா? என் தொழிலுக்கு இன்னா ஆவும்?"னாரு. எனக்கு நூறு குரல் வரும்னு நோட்டீஸ்ல போடுவாங்க. அன்னைக்கு ஒண்ணுகூட வரல. ஸ்டிக்கரை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டு நான் நின்னதைப் பார்த்து அவருக்கே பாவமாப் போச்சு. "மேல சாமிக்கு இருக்கட்டும். கீழ உனக்கு"ன்னு ஸ்டிக்கரை வாங்கி, அவர் கையாலயே கீழ் பாதியில ஒட்டிக்கிட்டாரு. வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.

அந்த லாரி என்னாச்சோன்னு நாலு நாள் தூங்கல. அஞ்சாவது நாள் பஸ் ஸ்டாண்டுகிட்ட அவரே என் சட்டையைப் பிடிச்சாரு. நல்லவேளை, முழுசா இருந்தாரு. லாரியிலதான் ஒரு பக்கம் நசுங்கி இருந்தது. புளியமரமாம். சொன்னாரு: "நீ சொன்ன மாதிரி எவன் கண்ணும் கூசல தம்பி. எனக்குத்தான் ரோடு தெரியல."

சவுண்டு மட்டும் சரியில்ல

கெஞ்சிப் பிரயோஜனம் இல்லன்னு, கையில இருக்கிற வித்தையை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டுல மைக் பிடிச்சு நின்னேன். இந்தப் பக்கம் மொபெட்டு வருது, அந்தப் பக்கம் லாரி வருது, ஏர் ஹார்னு, பிரேக்கு, அப்புறம் டமார். எல்லாமே வாயிலதான். முறுக்கு விக்கிறவங்க கூடையை இறக்கி வச்சுட்டு நின்னாங்க. ஒரு குழந்தை அழ ஆரம்பிச்சுடுச்சு. மொபெட்டு சவுண்டுல அந்த இருமலை மட்டும் நான் போடவே மாட்டேன். ஒருதடவை ரிகர்சல்ல தெரியாமப் போட்டுட்டு, அன்னைக்கு பூரா சோறு இறங்கல.

கூட்டம் கலைஞ்சப்புறம் ஒருத்தர் வந்தாரு. அம்பது வயசு இருக்கும். லாரி ஓட்டிக்கிட்டு இருந்தவராம், இப்ப விட்டுட்டாராம். ரொம்ப மரியாதையா, ஏதோ சட்டையில தூசி இருக்குன்னு சொல்ற மாதிரி, மெதுவா சொன்னாரு: "எல்லாம் கரெக்டு சார். ஆனா பிரேக்குக்கும் டமாருக்கும் நடுவுல ஒரு சவுண்டும் இருக்காது. அது ரொம்ப நேரம் இருக்கும். அதை மட்டும் விட்டுட்டீங்க."

யாரு மொதல்ல

வேங்கிக்கால்ல ஒரு வேன்காரரு. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஸ்கூல் பசங்களை ஏத்துறவரு. கம்பெனி குடுத்த லைட்டு ரெண்டு, அவரா மாட்டுனது நாலு. கும்பிட்டுக்கிட்டேதான் போனேன். சண்டைக்கு வருவாருன்னு பார்த்தா, டீ வாங்கிக் குடுத்தாரு.

"எனக்கு மட்டும் ஆசையா சார்? மொதல்ல ரெண்டுதான் வச்சிருந்தேன். எதிர்ல வர்றவன் நாலு வச்சுக்கினு வந்தான். கண்ணு தெரியல, உள்ள பன்னண்டு பசங்க. பயந்து போயி நான் நாலு போட்டேன். அவன் ஆறு போட்டான்." கை ரெண்டையும் விரிச்சாரு. ஸ்டிக்கரை நீட்டுனேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, என் பையிலயே திரும்ப வச்சாரு: "அவன் அணைச்சான்னா நானும் அணைச்சுடறேன் சார். அவன் யாருன்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

ஏழேகால் தாண்டுச்சு

ஒருநாள் ஏழேகால் ஆச்சு, ஏழரை ஆச்சு, விஜயா வரல. எட்டு. தெருவுல வந்த மொபெட்டு எதுவும் இருமல. எதிர் வீட்டு கன்ட்ராக்டர்கிட்ட புல்லட்டைக் கடன் வாங்கிக்கிட்டு செஞ்சி ரோட்டுல இறங்குனேன்.

போறப்ப ரோட்டை எவன் பார்த்தான்? ரெண்டு பக்கமும் பள்ளத்தைத்தான் பார்த்தேன். மொபெட்டு எங்கயாவது சாஞ்சு கிடக்குதா, சேலை தெரியுதா? பள்ளம் சரியாத் தெரியல. ஹை பீம் போட்டேன். இப்ப ஒவ்வொரு புதரும் தெரிஞ்சது. எதிர்ல வந்தவங்க எல்லாம் கத்திக்கிட்டே போனாங்க. "டேய், அறிவு இருக்கா?"ன்னு ஒருத்தன். எனக்கு எதுவும் உறைக்கல.

ஏரிக்கரை திருப்பத்துல எதிர்ல ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. வந்தது, தடுமாறுச்சு, லெப்ட்ல ஒதுங்குச்சு, அப்படியே மண்ணுல சறுக்கி நின்னுடுச்சு. நிக்கறதுக்கு முன்னாடி இன்ஜின் ஒரு இருமல் இருமுச்சு.

பிரேக்கை அமுக்குனேன். லைட்டை இறக்கணும்னு தோணல, கை அதுக்குப் போகல. அந்த வெளிச்சத்துக்கு நடுவுல விஜயா நிக்கிறா. ஒரு கால்ல செருப்பு இல்ல. முட்டியில ரத்தம். மொபெட்டை முன்னாடி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கண்ணை மறைச்சுக்கிட்டு நிக்கிறா. அவளுக்குப் பின்னாடி நாலடியில ஏரி. அவளுக்கு நான் யாருன்னு தெரியல. வெளிச்சம்தான் தெரியுது. விஜயான்னு கூப்பிடப் பார்த்தேன். காத்துதான் வந்தது.

என் பொண்டாட்டி அழுற குரலை அதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்ல: "அண்ணே, லைட்டைக் கொஞ்சம் இறக்குங்கண்ணே. பிரசவக் கேஸு, லேட்டாயிடுச்சு. வீட்ல ஒருத்தரு பயந்துக்கினு இருப்பாரு, நான் போவணும்ணே."

ஹெட்லைட்டுக்கு ஒட்டுற ஸ்டிக்கர் இன்னும் ரெண்டு கட்டு வீட்ல கிடக்கு, பயந்துபோன புருஷனுக்கு அதை எந்த இடத்துல ஒட்டறதுன்னுதான் இன்னை வரைக்கும் தெரியல.