பச்சை எரிந்த பலகை

என் அண்ணன் மண்டையை உடைத்தவள் என் அண்ணி. கூடப்பிறந்தவள் நானே சொல்கிறேன், இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம்.

அண்ணிக்குப் பள்ளிக்கூட மொட்டைமாடியில் காற்று மாசை அளக்கும் மெஷினைப் பராமரிக்கிற வேலை. அது சொல்லும் எண் வாசல் பலகையில் எரியும். எண் ஏறிச் சிவப்பானால் பிள்ளைகள் வகுப்பை விட்டு வரக் கூடாது; இறங்கிப் பச்சையானால் மைதானத்தில் ஓடலாம். அங்கேயே படிக்கும் அண்ணன்-அண்ணி மகளுக்கு மூச்சிழுப்பு வேறு. அதனால் அந்த மெஷினை அவள் பார்த்துப் பார்த்துத் துடைப்பாள். அதே பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவள் நான், தினமும் பார்த்திருக்கிறேன்.

அன்று எதிர்க் கட்டிடமே புகையில் தெரியவில்லை. பலகையோ பச்சை! மணி அடித்ததும் எல்லாரும் ஓடினார்கள். எங்கள் குட்டி பாதி மைதானத்தில் சுருண்டு விழுந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. டீச்சர் அவளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். சாமான் அறையிலிருந்து கையில் ஸ்பேனரோடு ஓடிவந்த அண்ணி பின்னாலேயே போகப் பார்த்தாள். பள்ளியை ஒட்டிய சந்தில் வழியை மறித்துக்கொண்டு தண்ணி லாரி நின்றது. பெரிய குழாயால் மாடி மெஷினைச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான் அதன் டிரைவர், என் அண்ணன்.

"என்னய்யா பண்ற?"

"தூசி அடங்கினா நம்பர் இறங்குமாம். இன்னிலேருந்து தெனமும் அடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நான் என்ன பண்ண?"

"உன் பொண்ணு மூச்சில்லாம விழுந்துட்டாய்யா!"

"அவள யாரு ஓடச் சொன்னா?"

பாவி, வாயில் வேறு வார்த்தையே வரவில்லையா? ஸ்பேனரால் ஓங்கி ஒரு போடு. சரிந்தவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இன்னொன்று. பல் தெறித்தது. "செத்துருவான் அண்ணி!" என்று நான்தான் அவள் முடியைப் பிடித்து இழுத்தேன். என் முழங்கையிலும் ஒன்று விழுந்தது.

குட்டி பிழைத்தாள். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டாக்டர்.

மறுநாள், தலையில் கட்டோடு இருந்தவனை மகள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அண்ணி பள்ளிக்கு வந்தாள். டிரைவரை அடித்ததற்காக அவள் வேலை போய்விட்டது, மாடிக்கும் பூட்டு. வேறு டிரைவர் அதே லாரியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். புகை அப்படியே இருக்க, பலகை பச்சை. மணியும் அடித்துவிட்டார்கள்.

அண்ணி மைதானக் கதவை இழுத்துச் சாத்தினாள். முட்டி மோதிய பிள்ளைகளை அறைந்து தள்ளினாள். "உள்ள போங்க, சனியன்களா!"

மதியச் சோறு கொண்டுவந்த அம்மாக்கள் பாய்ந்தார்கள். "எம்புள்ளைய அடிக்க நீ யாருடி?" செருப்பால் அடித்தார்கள். ஒருத்தி அவள் விரலைக் கடித்தாள். வாய் கிழிந்து ரத்தம் கொட்டியும் அண்ணி கதவுக் கம்பியை விடவில்லை. நான் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்தேன்.

அன்று ஒரு பிள்ளையும் மைதானத்தில் இறங்கவில்லை.